பேங்குக் கார்டில் காசு காணோமா? கைகட்டி நிற்காதீர்கள்!



நம் பெற்றோர் காலத்தில் சம்பள நாள் என்றால் தோட்டத்தில் அது ஒரு சின்னத் திருவிழா. ஆபீஸ் வாசலில் மேசை போட்டிருக்கும். பெரிய கிராணி பெயர் கூப்பிடுவார். வரிசையில் நின்று, கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, எண்ணி வாங்கிய காசை முந்தானையில் முடிந்துகொண்டு வீடு திரும்புவார்கள். ஒரு வெள்ளி குறைந்தாலும் அந்த மேசைக்கு முன்னாலேயே வாய் திறப்பார்கள். "ஐயா, ரெண்டு நாள் பேரு விட்டுப் போயிருக்கு" என்று ஒரு கிழவி சொன்னால், கிராணி முகத்தைச் சுளித்துக்கொண்டாவது செக்ரோலைத் திருப்பிப் பார்த்தே ஆக வேண்டும்.

இன்று அந்த மேசை இல்லை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இன்று உள்ளபடி, சம்பளம் தொழிலாளியின் பெயரில் இருக்கும் பேங்குக் கணக்கில் சேர வேண்டும். நல்ல ஏற்பாடுதான். சம்பளக் காசை வழியில் பறிகொடுக்கும் பயமில்லை. கணக்கில் விழுந்த தொகைக்கு அத்தாட்சியும் இருக்கிறது. ஆனால் மேசையோடு சேர்ந்து இன்னொன்றும் போய்விட்டது. அதுதான் கணக்குக் கேட்கும் பழக்கம்!

கிராணியிடம் ஒரு நாள் சம்பளத்துக்குச் சண்டை போட்ட அதே குடும்பத்தில், இன்று கார்டிலிருந்து ஆயிரம் வெள்ளி காணாமல் போனால் என்ன சொல்கிறார்கள்? "மெஷின் முழுங்கிடுச்சு, யாருகிட்ட போயிக் கேக்கிறது? நம்ம தலையெழுத்து" என்கிறார்கள். இதைக் கேட்டுக் கேட்டு நம் காது புளித்துவிட்டது.

தோழர்களே, மெஷின் எதையும் விழுங்குவதில்லை. காசு போயிருந்தால் ஒருவன் எடுத்திருக்கிறான். எந்த இடத்தில், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு எடுத்தான் என்பது பேங்கின் ஏட்டில் இருக்கிறது. கேட்கிறவனுக்கு அது கிடைக்கும். கேட்காதவனுக்கு எதுவும் கிடைக்காது.

எப்படிப் போகிறது?

நமக்குத் தெரியாமல் கார்டில் காசு போகும் வழிகள் முக்கியமாக நான்கு.

முதலாவது, ஏ.டி.எம். இயந்திரத்தில் எடுப்பது. இதற்குக் கார்டும் வேண்டும், பின் நம்பர் என்கிற ஆறு இலக்க ரகசிய எண்ணும் வேண்டும். பின்னால் நின்று விரலைப் பார்த்து எண்ணைத் தெரிந்துகொண்டு, உதவி செய்வதுபோல் வந்து கார்டை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகிற கூட்டம் டவுனில் இருக்கிறது. சம்பள வாரத்தில் அவர்களுக்கும் சம்பளம்!

இரண்டாவது, தட்டினாலே காசு போகும் முறை. கடைகளில் 250 வெள்ளி வரைக்கும் பின் நம்பர் இல்லாமலே கார்டைத் தட்டிச் சாமான் வாங்கலாம். கார்டு தொலைந்தால், கண்டெடுத்தவன் கடை கடையாகத் தட்டிக்கொண்டே போகலாம். பேங்கில் சொல்லி இந்த அளவைக் குறைக்கலாம், அடியோடு நிறுத்தியும் வைக்கலாம்.

மூன்றாவது, இணையத்தில் சாமான் வாங்குவது. இதற்குக் கார்டு கையில் இருக்கத் தேவையில்லை. முன்பக்க எண்ணும், காலாவதித் தேதியும், பின்பக்கத்து மூன்று எண்களும் தெரிந்தால் போதும். "எஸ்.டி.ஆர். உதவித் தொகை வந்திருக்கிறது, இங்கே அழுத்துங்கள்" என்று கைத்தொலைபேசிக்கு வரும் போலிச் செய்தியில் இவற்றை எழுதிக் கொடுத்துவிட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

நான்காவது, கண்ணுக்குத் தெரியாத சின்னத் திருட்டு. ஒரு தடவை ஐந்து வெள்ளி, மறுமாதம் ஐந்து வெள்ளி என்று போகும். "போனால் போகட்டும், அஞ்சு வெள்ளிதானே" என்று விடாதீர்கள். கார்டு உயிரோடு இருக்கிறதா என்று திருடன் தட்டிப் பார்க்கிற தட்டாக அது இருக்கலாம். கதவைத் திறந்து பார்த்தவன் அடுத்த தடவை பெட்டியைத் தூக்குவான்.

சட்டம் யார் பக்கம்?

காசு போன தொழிலாளி பேங்குக்குப் போனதும் முதலில் காதில் விழுகிற பதில் இது: "பின் நம்பர் சரியாக அழுத்தப்பட்டிருக்கிறது. ஆகவே பேங்கு பொறுப்பல்ல." இதைக் கேட்டதும் நம் ஆட்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள்.

நில்லுங்கள்! அது ஒரு பதில்தான், தீர்ப்பு ஆகாது.

நம் நாட்டில் பேங்குகளுக்கெல்லாம் மேலே பேங்க் நெகாரா இருக்கிறது. டெபிட் கார்டு விஷயத்தில் பேங்குகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அது விதி வகுத்திருக்கிறது. அந்த விதிப்படி, பின் நம்பர் பயன்படுத்தி நடந்த திருட்டுக்கும்கூட, கார்டுக்காரர் தலையில் பொறுப்பைக் கட்ட வேண்டுமானால், கீழ்க்கண்ட நான்கில் ஒன்றை அவர் செய்திருக்க வேண்டும்.

ஒன்று, அவரே மோசடியில் ஈடுபட்டிருக்க வேண்டும்.

இரண்டு, கார்டு தொலைந்ததோ திருட்டு நடந்ததோ தெரிந்த பிறகும் பேங்குக்குச் சொல்லாமல் காலம் கடத்தியிருக்க வேண்டும்.

மூன்று, தன் பின் நம்பரைத் தானே விரும்பி இன்னொருவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

நான்கு, பின் நம்பரைக் கார்டிலேயோ, கார்டோடு சேர்ந்து இருக்கும் எதிலேயோ எழுதி வைத்திருக்க வேண்டும்.

இவற்றில் ஒன்று நடந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு பேங்கினுடையது. "நான் யோக்கியன்" என்று நாம் சத்தியம் செய்ய வேண்டியதில்லை. "நீ செய்தாய்" என்று அவர்கள்தான் காட்ட வேண்டும். வேலை நீக்க வழக்கில் குற்றத்தை நிரூபிக்கும் பாரம் நிர்வாகத்தின் மேல் இருப்பதுபோல்தான் இதுவும்.

இந்த நான்கையும் வீட்டில் பிள்ளைகளை உட்கார வைத்துப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். இந்த நான்கில் சிக்காமல் இருப்பவனுக்கு வழக்கு இருக்கிறது. சிக்கியவனுக்கு வழக்கு மெலிந்துவிடுகிறது. நாம் நேரில் கண்ட இரண்டு சம்பவங்களைச் சொன்னால் இது விளங்கும். ஊர் பேர் வேண்டாம்.

செக்ரோல் சொன்ன சாட்சி

பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டம். மருந்து அடிக்கும் வேலை செய்கிற ஒரு தாய். சனிக்கிழமை டவுனுக்குப் போய்ச் சம்பளத்தில் முந்நூறு வெள்ளி எடுத்தார். கார்டு வெளியே வரத் தாமதமானது. பின்னால் நின்ற ஒருவன், "சிக்கிக்கிச்சுக்கா, இருங்க நான் எடுத்துத் தர்றேன்" என்று மரியாதையாகப் பேசி, கார்டை எடுத்துக் கையில் கொடுத்தான். அதே பேங்கு, அதே நிறம். பெயரைப் பார்க்கவில்லை. பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடையில் கார்டைக் கொடுத்தார். பின் நம்பர் தவறு என்று வந்தது. கடைப் பையன் கார்டைத் திருப்பிப் பார்த்து, "அக்கா, இது உங்க பேரு இல்லியே!" என்றான். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அவருடைய மகன் அந்த நிமிடமே பேங்கின் அவசர எண்ணுக்குப் போன் போட்டுக் கொடுத்தான். கார்டு நிறுத்தப்பட்டது. அதற்குள் திங்கட்கிழமை காலையில், அறுபது மைலுக்கு அப்பால் உள்ள வேறொரு டவுனில், மூன்று தடவையாக 1,450 வெள்ளி எடுக்கப்பட்டிருந்தது.

2025 பிப்ரவரி முதல் நடப்பில் உள்ள குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதில் 1,450 போனால் ஒரு வீட்டில் மிச்சம் என்ன இருக்கும்? அரிசி, பால்மாவு, பள்ளி பஸ் காசு எல்லாம் அதற்குள்தான்.

மறுநாள் காலையில் போலீஸ் புகார். பிறகு பேங்கில் மனு. பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது: பின் நம்பர் சரியாக அழுத்தப்பட்டதால் பேங்கு பொறுப்பேற்காது! வீட்டுக்காரர், "விடு புள்ள, போனது போச்சு" என்று சொல்லிவிட்டார். அந்தத் தாய் விடவில்லை. கடிதத்தைத் தூக்கிக்கொண்டு சங்கக் கிளைக்கு வந்தார். "அண்ணே, நான் யாருக்கும் நம்பரைச் சொல்லல. என் காசு எனக்கு வேணும்" என்றார்.

நாம் அவரோடு உட்கார்ந்து மறுமனு எழுதினோம். மூன்றே மூன்று விஷயம். பின் நம்பரை அவர் யாருக்கும் சொல்லவில்லை, எங்கும் எழுதி வைக்கவில்லை. ஒருவன் ஒளிந்து பார்த்தது, அவர் விரும்பிச் சொன்னதாகாது. இது முதல் விஷயம். தெரிந்த அதே மணியில் பேங்குக்குச் சொல்லிவிட்டார், போன் செய்த நேரம் தொலைபேசியிலேயே பதிவாகி இருக்கிறது. இது இரண்டாவது. மூன்றாவதுதான் முக்கியம். பணம் எடுக்கப்பட்ட திங்கட்கிழமை காலை 9.50 மணிக்கு அவர் தோட்டத்தில் வேலையில் இருந்தார். அன்றைய செக்ரோல் நகலும், மண்டோர் எழுதிக் கொடுத்த கடிதமும் இதோ! அந்த இயந்திரத்தின் கண்காணிப்புக் கேமரா படத்தை அழியாமல் பாதுகாத்துப் பாருங்கள் என்றும் கேட்டோம்.

ஒரு மாதத்தில் 1,450 வெள்ளியும் கணக்கில் திரும்பி விழுந்தது.

தோழர்களே, இதைக் கவனியுங்கள். எந்தச் செக்ரோலில் நம் பெயர் விடுபட்டதென்று அன்று கிராணியோடு மல்லுக்கட்டினோமோ, அந்தச் செக்ரோல்தான் இன்று பேங்கில் நமக்குச் சாட்சி. அரைநாள் வேலை செய்தாலும் சரியான நேரத்தோடு பதிவாகி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எந்த ஏடு எப்போது உதவும் என்று சொல்ல முடியாது.

கடைப் பெட்டியில் கிடந்த கார்டு

இரண்டாவது சம்பவம் கசப்பானது. பால்மரம் வெட்டுகிற ஒரு பெரியவர். மளிகைக் கடையில் பற்று வைத்துச் சாமான் எடுப்பவர். பாக்கிக்கு ஈடாகக் கார்டைக் கடைக்காரரிடமே கொடுத்துவைத்திருந்தார். பின் நம்பரை ஒரு தாளில் எழுதி, கார்டைச் சுற்றி ரப்பர் பேண்டும் போட்டுக் கொடுத்திருந்தார். சம்பளம் விழுந்ததும் கடைக்காரர் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் கொடுப்பார். மூன்று வருஷம் இப்படியே ஓடியது.

ஒரு வருஷக் கடைசியில் போனஸும் சம்பளமுமாக 2,100 வெள்ளி விழுந்தது. பெரியவர் கைக்கு வந்தது நூற்று ஐம்பது. "பாக்கிக்குச் சரியாப் போச்சு" என்றார் கடைக்காரர். எந்தப் பாக்கி, எத்தனை பாக்கி என்பதற்குத் துண்டுச் சீட்டு இல்லை. பேங்குக்குப் போனோம். பின் நம்பரைத் தானே கொடுத்தவர், கார்டோடு எழுதியும் வைத்தவர் என்றதும் பேங்கு கைவிரித்தது. விதிப்படி அவர்களைக் குறை சொல்ல இடமில்லை. கடைக்காரரோடு இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குப் பார்த்ததில் பாதிக் காசுதான் திரும்பியது.

இரண்டு பேரும் உழைப்பாளிகள். இரண்டு பேரும் ஏமாற்றப்பட்டவர்கள். ஒருவருக்கு முழுக் காசும் வந்தது. இன்னொருவருக்கு வரவில்லை. நடுவில் நின்றது அந்த ஆறு எண்கள்!

ஆகவே சொல்கிறோம்: கார்டை அடகு வைக்காதீர்கள். கடைக்காரரிடமோ, வட்டிக்காரனிடமோ, ஆலோங்கிடமோ, மண்டோரிடமோ, ஏஜண்டிடமோ கொடுத்துவைக்காதீர்கள். நம்மோடு வேலை செய்கிற வங்காளதேச, இந்தோனேசியத் தோழர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்கள் கார்டை ஏஜண்டு வாங்கி வைத்துக்கொள்கிற வழக்கம் பல இடத்தில் இருக்கிறது.

1951-ஆம் ஆண்டு வட்டிக்குப் பணம் கொடுப்போர் சட்டப்படி, லைசென்ஸ் உள்ளவர்கூட ஈடு இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. ஈடு உள்ள கடனுக்கு 12 விழுக்காடு. மாதத்திற்குப் பத்து, இருபது என்று பிடுங்குகிறவன் கையில் கார்டும் இருந்தால், பூனையிடம் பாலைக் காவல் வைத்த கதைதான்.

2024-இல் குற்றவியல் சட்டத்தில் புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. தகுந்த காரணமில்லாமல் பிறருடைய கார்டைத் தன்னிடம் வைத்திருப்பதும் குற்றம், தன் கார்டையோ கணக்கையோ பிறர் பயன்படுத்தக் கொடுப்பதும் குற்றம். "உன் கார்டை ஒரு மாசம் குடு, முந்நூறு வெள்ளி தர்றேன்" என்று இளைஞர்களிடம் ஆசை காட்டுகிறார்கள். அந்தக் கணக்கு வழியாக ஓடுவது இன்னொரு ஏழையிடம் திருடிய காசு. கடைசியில் விலங்கு மாட்டப்படுவது கார்டுக்குச் சொந்தக்காரனுக்கு! பிள்ளை பெற்றவர்கள் இதைக் கட்டாயம் வீட்டில் பேச வேண்டும்.

"ஏற்கனவே கொடுத்துட்டேனே, இப்ப என்ன செய்யிறது?" என்று கேட்கிறீர்களா? அடையாளக் கார்டை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போங்கள். பழைய கார்டை ரத்து செய்து புதுக் கார்டு கேளுங்கள். சிறு கட்டணம் பிடிப்பார்கள். புதுக் கார்டு, புதுப் பின் நம்பர் வந்ததும் பழையது செத்த கார்டு. பட்ட கடன் கடன்தான், அதை மறுக்கச் சொல்லவில்லை. மாதா மாதம் கையில் கொடுத்து ரசீது வாங்குங்கள். மிரட்டினால் போலீஸ் நிலையத்துக்குப் போங்கள். தனியாகப் போகப் பயமென்றால் கிளைத் தலைவரைக் கூப்பிடுங்கள்.

காசு போனால் செய்ய வேண்டியது

தோட்டத்தில் ஒரு வழக்கு வந்தால் எப்படிப் போகிறோம்? முதலில் நிர்வாகியிடம், பிறகு கிளை, பிறகு தலைமையகம், அதன் பிறகு தொழிலாளர் இலாகா என்று படிப்படியாகப் போகிறோம். இதுவும் அப்படியே. ஒரு படியையும் தாண்டாதீர்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு தாள் கையில் இருக்க வேண்டும்.

முதல் படி, பேங்குக்கு உடனே போன். பேங்குகள் 24 மணி நேர அவசர எண் வைத்திருக்கின்றன. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த எண் கார்டின் பின்னால் அச்சாகி இருக்கும். கார்டு போனால் எண்ணும் போய்விடுமே! ஆகவே இன்றைக்கே அதை வீட்டுச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். "கார்டை நிறுத்துங்கள்" என்று சொல்லி, பேசியவர் பெயரையும், மணியையும், புகார் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

யாரோ ஏமாற்றி நம் கையாலேயே பணம் அனுப்ப வைத்துவிட்டால், அல்லது இணையம் வழி கணக்கைச் சுரண்டிவிட்டால், 997 என்ற எண்ணுக்கும் போன் செய்யுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் அது. போன பணம் கைமாறிக் கைமாறி ஓடுவதற்குள் வழிமறிப்பதுதான் அதன் வேலை. ஆகவே அங்கே ஒவ்வொரு நிமிடமும் காசு. நாமே அனுப்பிய பணத்தை மீட்பது கார்டுத் திருட்டைவிடக் கஷ்டம் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

இரண்டாம் படி, போலீஸ் புகார். இதற்குக் காசு கிடையாது. எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். தேதி, மணி, தொகை, கடைசியாகக் கார்டைப் பயன்படுத்திய இடம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். "பின் நம்பரை நான் யாருக்கும் சொல்லவில்லை" என்பது உண்மையானால், அந்த வரி புகாரில் இருக்கிறதா என்று பாருங்கள். நகல் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

மூன்றாம் படி, பேங்கில் எழுத்து மூலம் மனு. வாயால் சொன்னது காற்றோடு போகும். மலாயில் எழுதப் பள்ளிக்கூடப் பிள்ளையே போதும். என் பெயர், கணக்கு எண். இன்ன தேதியில் இன்ன மணிக்கு எடுத்த இன்ன தொகை என்னுடையது அல்ல. நான் இன்ன மணிக்குப் புகார் சொன்னேன். அந்த நேரத்தில் நான் இருந்த இடம் இது. தயவுசெய்து விசாரித்துப் பணத்தைத் திருப்பிப் போடுங்கள். அவ்வளவுதான். கூட ஒரு நகல் எடுத்துப் போய், பேங்கு முத்திரையும் தேதியும் குத்தி வாங்கி வாருங்கள்.

இன்னொரு கேள்வியும் கேட்கலாம். வெளிநாட்டில் செய்யும் செலவு, இணையத்தில் கூடுதல் சரிபார்ப்பு இல்லாமல் செய்யும் கொள்முதல் ஆகிய இரண்டும் நாம் கேட்டால்தான் டெபிட் கார்டில் திறக்கப்பட வேண்டும் என்பது பேங்க் நெகாரா விதி. தோட்டத்தைத் தாண்டிப் போகாத ஒருவர் கார்டில் வெளிநாட்டுச் செலவு காட்டினால், "இதைத் திறக்கச் சொல்லி நான் எப்போது கேட்டேன்? காட்டுங்கள்" என்று எழுதுங்கள்.

நான்காம் படி, 14 நாள் கணக்கு. டெபிட் கார்டுத் திருட்டுப் புகாரைப் பேங்கு 14 நாளுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். முடியாவிட்டால், போன தொகை முழுவதையுமோ 5,000 வெள்ளியையோ, எது குறைவோ அதை, தற்காலிகமாக நம் கணக்கில் போட வேண்டும் என்றும் விதி இருக்கிறது. புகார் கொடுத்த நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். பதினான்காம் நாள் பதில் இல்லையென்றால் பதினைந்தாம் நாள் பேங்கு வாசலில் நில்லுங்கள்.

ஐந்தாம் படி, மேல்முறையீடு. பேங்கு முடியாது என்று சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள். காரணத்தையும் கேளுங்கள். அந்தக் கடிதத்தோடு நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவை என்ற நடுநிலை அமைப்புக்குப் போகலாம். முன்பு நிதிச் சேவை ஒம்புட்ஸ்மன் என்று இருந்தது, 2025 ஜனவரி முதல் இந்தப் பெயரில் இயங்குகிறது. பேங்கின் இறுதிப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். நமக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. எங்கே போவது என்று புரியவில்லையானால் பேங்க் நெகாராவின் 1-300-88-5465 என்ற எண்ணில் வழி கேட்கலாம்.

வேலியை முன்கூட்டியே போடுங்கள்

ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. கார்டில் செலவு நடந்தால் பேங்கு நம் கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்புகிறது. ஆனால் பேங்கில் நாம் கொடுத்த எண் எது? கணக்குத் திறந்தபோது மகன் வைத்திருந்த பழைய பிரிபெய்டு எண்! அது செத்து, இன்று யார் கையிலோ இருக்கிறது. நம் வீட்டில் திருடன் நுழைந்தால், நாய் அடுத்த ஊரில் குரைக்கிறது. அடுத்த தடவை டவுனுக்குப் போகும்போது முதல் வேலையாக இப்போதைய எண்ணைப் பதிந்துவிட்டு வாருங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்கலாம் என்ற வரம்பைக் குறைத்து வையுங்கள். நமக்கு ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் எடுக்கும் வேலை வருவதில்லை. வேலை ஓய்வு பெற்று ஊழியர் சேமநிதிப் பணம் வாங்கியவர்கள் அதைக் கார்டு உள்ள கணக்கில் போட்டு வைக்காதீர்கள். வாழ்நாள் உழைப்பையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் துண்டில் தொங்கவிடுவது நியாயமா?

பிறந்த தேதியையோ, அடையாளக் கார்டின் முதல் ஆறு எண்களையோ பின் நம்பராக வைக்காதீர்கள். பணப்பை தொலைந்தால் பூட்டும் சாவியும் சேர்ந்தே போகும். இயந்திரத்தின் முன்னால் இடது கையால் மறைத்துக்கொண்டு எண்ணை அழுத்துங்கள். அது யாரையும் சந்தேகப்படுவது ஆகாது. எழுத்துப் புரியாவிட்டால் கூட்டிப்போன பிள்ளையைக் கேளுங்கள், பேங்கு திறந்திருக்கும் நேரத்தில் உள்ளே இருக்கும் ஊழியரைக் கேளுங்கள். பின்னால் நிற்கும் புண்ணியவானைக் கேட்க வேண்டாம்! கார்டு திரும்பி வந்ததும் பெயரைப் பாருங்கள். தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்தவர்கள் கார்டின் ஓரத்தில் ஒரு பொட்டு மை வைத்து அடையாளம் செய்யுங்கள்.

போனில் யார் கேட்டாலும், பேங்கு என்றாலும் போலீஸ் என்றாலும், பின் நம்பரையோ வந்த எண்ணையோ சொல்லாதீர்கள். உண்மையான பேங்குக்காரர் அதைக் கேட்கவே மாட்டார்.

மாதம் ஒரு தடவை கணக்கு அறிக்கையை எடுத்துப் பாருங்கள். புத்தகம் உள்ளவர்கள் பதிந்து பாருங்கள். ஒரு மாலை நேரம், ஒரு படித்த பிள்ளை, பத்து நிமிடம் போதும். நமக்குத் தெரியாத வரி ஒன்று இருந்தால் அன்றைக்கே கேளுங்கள். காலம் கடத்தினால் அதுவே நமக்கு எதிராக நிற்கும் என்பதை மேலே சொன்னோம்.

கிளைத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த மாதக் கூட்டத்தில் இதற்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். கார்டை வெளியில் கொடுத்துவைத்திருப்பவர் யார் யார் என்று கூட்டத்தில் கேட்டு வெட்கப்பட வைக்காதீர்கள். தனியாகப் பேசி, துணைக்குப் போய் மீட்டுக் கொடுங்கள். எழுதத் தெரிந்த இளைஞர் இரண்டு பேரை இந்த மனு எழுதும் வேலைக்கு நியமியுங்கள். எழுதத் தெரியாத ஒரே காரணத்தால் ஒரு குடும்பம் ஒரு மாதச் சம்பளத்தை இழக்கக் கூடாது.

தோழர்களே! விடிவதற்கு முன் எழுந்து, பிரட்டுக்குப் போய், மழையிலும் வெயிலிலும் சம்பாதித்த காசு அது. கணக்கில் விழுந்துவிட்டதால் அது பேங்கின் காசு ஆகிவிடாது. ஆறு எண்ணை மனசுக்குள் பூட்டி வையுங்கள். காசு குறைந்தால் அன்றைக்கே வாய் திறங்கள், மறுநாளே எழுதிக் கொடுங்கள். நம் பாட்டிமார் மேசைக்கு முன்னால் கேட்ட கேள்வியை, நாம் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போய்க் கேட்போம்: "ஐயா, என் கணக்கு எங்கே?"